அம்பாசடர் அதிகம் பெட்ரோல் குடித்தால் கார்புரேட்டரைக் கடைசியாகத் தொடுங்கள்

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். அப்பா வைத்திருந்த 1968ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 2 இப்போது அவர் கையில் இருக்கிறது. பழைய 1489 சிசி பெட்ரோல் என்ஜினும் எஸ்.யூ. வகைக் கார்புரேட்டரும் மாறாமல் அப்படியே இருக்கின்றன. கிருஷ்ணகிரியில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு ஓசூரில் உள்ள அக்கா வீட்டுக்குப் போய், அங்கே மறுபடி நிரப்பிக் கணக்குப் பார்த்தால் லிட்டருக்கு 7 கிலோமீட்டர்தான் வருகிறது. கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிக் கழுவியும் மாற்றமில்லை. கோடையில் சூடு ஏறியதால் தெர்மோஸ்டாட்டை (என்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் அடைத்துவைக்கும் வால்வு) எடுத்துவிட்டார்கள். இப்போது மாருதி 800 கார்புரேட்டரைப் பொருத்தினால் சரியாகிவிடும் என்று மெக்கானிக் சொல்கிறார். செய்யலாமா என்பது முதல் கேள்வி. வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்துகொள்ளலாமா என்பது இரண்டாவது.

மாருதி கார்புரேட்டர் வேண்டாம். அது 796 சிசி என்ஜினுக்காக அளந்து செய்யப்பட்டது. உங்கள் என்ஜின் கிட்டத்தட்ட அதன் இரு மடங்கு. மேட்டில் ஏறும்போது உங்கள் என்ஜினுக்குத் தேவையான காற்று அந்தச் சின்ன வாய் வழியாக வராது. நீங்கள் ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்துவீர்கள், கியரைக் குறைப்பீர்கள், சிக்கனம் என்று நினைத்தது அங்கேயே கரைந்துவிடும். தவிர, எஸ்.யூ. பக்கவாட்டில் காற்றை இழுப்பது. மாருதியுடையது மேலிருந்து கீழே இழுப்பது. இடையில் பட்டறையில் வெட்டிச் செய்த அடாப்டர் ஒன்று வரும், அதன் கேஸ்கெட்டில் காற்றுக் கசிவும் கூடவே வரும். கழற்றிப் போட்ட எஸ்.யூ. இரண்டு வருடத்தில் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். பிறகு அதைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

பெட்ரோல் அதிகம் செலவாகிறது என்றவுடன் கார்புரேட்டரைக் கழற்றுவது நம் ஊர்ப் பட்டறைகளில் ஊறிப்போன பழக்கம். கார்புரேட்டர் என்ஜின் இழுக்கிற காற்றுக்கு ஏற்ற பெட்ரோலைக் கொடுக்கும் கருவி, அவ்வளவுதான். வால்வு மூடவில்லை என்றாலும், தீப்பொறி தாமதமாக வந்தாலும், என்ஜின் குளிர்ந்தே ஓடினாலும், பிரேக் பிடித்துக்கொண்டே இருந்தாலும் பெட்ரோல் வீணாகும். இவற்றில் எதையும் கார்புரேட்டரைத் திருகிச் சரிசெய்ய முடியாது. அதனால் வரிசை முக்கியம். முதலில் அளவு, பிறகு சூடு, பிறகு கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) டேப்பெட்டும் (வால்வுகளின் இடைவெளி), பிறகு இக்னிஷன் (தீப்பொறி), கடைசியில் கார்புரேட்டர்.

அளவிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நீங்கள் அளந்த முறையிலேயே ஒரு பிழை இருக்கிறது. கிருஷ்ணகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரம். ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர். குருபரப்பள்ளி தாண்டி மேலுமலைக் கணவாயில் ஏறி, சூளகிரி வழியாகப் போகும்போது வண்டியை 400 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள். ஆட்களும் சாமான்களும் சேர்த்து 1,400 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் 55 லட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 320 லட்சம் ஜூல் இருக்கிறது. பழைய என்ஜின் அதில் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும். ஆக, மேடு ஏறியதற்கு மட்டும் ஏறத்தாழ முக்கால் லிட்டர் செலவாகிறது. சமதளத்தில் லிட்டருக்கு 10 கொடுக்கும் வண்டிக்கு 50 கிலோமீட்டருக்கு 5 லிட்டர் போதும். இந்தப் பாதையில் அது 5.8 லிட்டர் ஆகிறது. அதாவது லிட்டருக்கு எட்டரை. திரும்பி வரும்போது இறக்கம் அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும், முழுவதையும் தராது. ஆக்சிலேட்டரை விட்டாலும் கார்புரேட்டர் பெட்ரோல் கொடுப்பதை நிறுத்துவதில்லை.

எனவே போகவர அளக்க வேண்டும். ஒரே பங்க், முடிந்தால் அதே பம்ப், முதல் முறை பம்ப்பின் நாசில் தானாக நின்றவுடன் நிறுத்திவிட வேண்டும். குறைந்தது 200 கிலோமீட்டர் ஓடிய பிறகு அங்கேயே மறுபடி நிரப்புங்கள். ஓடோமீட்டரையும் நம்பிவிடாதீர்கள். 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கற்களை வைத்துப் பத்து கிலோமீட்டருக்கு அது எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். பழைய குறுக்கிழை டயர்களுக்குப் பதிலாக வேறு விட்டமுள்ள ரேடியல் போட்ட வண்டிகளில் மீட்டர் கூடவோ குறையவோ காட்டும். மீட்டர் குறைவாகக் காட்டினால் நல்ல வண்டியும் நோயாளியாகத் தெரியும்.

அடுத்தது, நீங்கள் நிரப்புகிற பெட்ரோலே பழைய பெட்ரோல் இல்லை. இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த இ20. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். கணக்குப் போட்டால் இ20 லிட்டருக்கு 6, 7 சதவீதம் குறைவான ஆற்றல் தருகிறது. எத்தனால் கலப்பைப் பற்றி நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கையும், கலப்பில்லாத பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்ட கார்களில் இதே அளவு இழப்பு வரும் என்றுதான் சொன்னது. ஆக 10 கொடுத்த வண்டி 9.3க்கு வந்துவிட்டது. அதோடு மேலுமலை ஏற்றத்தையும் சேர்த்தால், எந்தக் குறையும் இல்லாத அம்பாசடரே கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு லிட்டருக்கு எட்டுக்குக் கொஞ்சம் மேலேதான் தரும். நீங்கள் தேட வேண்டிய குறை அந்த எட்டுக்கும் உங்கள் ஏழுக்கும் இடையில் இருக்கிறது. பத்துக்கும் ஏழுக்கும் இடையில் இருப்பதாக நினைத்துத் தேடினால், இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்துக்கொண்டே இருப்பீர்கள்.

இ20 இன்னொரு விதத்திலும் பழைய என்ஜினைத் தொடுகிறது. சுத்தமான பெட்ரோல் எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். இ20க்கு அது பதின்மூன்றரை அளவில் வருகிறது. புதிய கார்களில் ஆக்சிஜன் சென்சாரும் கணினியும் அதைக் கவனித்துப் பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். உங்கள் எஸ்.யூ.வுக்கு அது தெரியாது. பழைய அளவிலேயே ஊற்றும். அதனால் கலவை மெலிந்து போகும். மெலிந்த கலவை சிக்கனம் என்று நினைக்க வேண்டாம். என்ஜின் சூடாகும், மேட்டில் இழுவை குறையும், காலால் அதிகம் அழுத்துவீர்கள், செலவு கூடும். இதைச் சரிசெய்வது எஸ்.யூ.வில் மிக எளிது. கார்புரேட்டர் பகுதியில் சொல்கிறேன்.

ரப்பர் பாகங்களில் மட்டும் தாமதிக்காதீர்கள். 1968இல் போட்ட வகை ரப்பர் ஹோஸ்களும் பம்ப் டயஃப்ரமும் எத்தனாலில் ஊறி உப்பும், பிறகு வெடிக்கும். வைட்டான் வகை ரப்பரில் செய்த ஹோஸ் கேட்டு வாங்குங்கள். மெக்கானிக்கல் பம்ப்பின் டயஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் வெளியே சொட்டாமல் என்ஜின் ஆயிலுக்குள் இறங்கலாம். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறியிருந்தாலோ, அதில் பெட்ரோல் வாடை அடித்தாலோ வண்டியை ஓட்டாதீர்கள். காணாமல் போகும் பெட்ரோல் அந்த வழியாகவும் போகலாம். அது பேரிங்குகளையும் தின்றுவிடும். விலை கூடிய உயர் ஆக்டேன் பெட்ரோல் உங்களுக்குத் தேவையில்லை. உங்கள் என்ஜினின் கம்ப்ரஷன் விகிதம் ஏழுக்குச் சற்று மேல். சாதாரண பெட்ரோலின் ஆக்டேனே அதற்கு மிகுதி.

இனி தெர்மோஸ்டாட். என் சந்தேகம் முழுவதும் இதன்மேல்தான். தெர்மோஸ்டாட் இல்லாத என்ஜின் கோடை மதியத்தில் தப்பித்துவிடும். ஆனால் மார்கழிக் காலையில் ஓசூர், தளி பக்கம் ஓட்டிப் பாருங்கள்; சூட்டு முள் பாதிக்குக்கூட வராது. குளிர்ந்த என்ஜினில் பெட்ரோல் ஆவியாகாமல் துளிகளாகவே உள்ளே போய், சிலிண்டர் சுவரில் படிந்து, எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்குகிறது. பாதி எரியாமல் சைலன்சர் வழியாகப் போகிறது. சீராக ஓடவில்லை என்று குளிரில் கூடுதல் பெட்ரோல் கொடுக்கும் சோக்கை நீங்கள் கொஞ்சம் இழுத்துவைத்திருப்பீர்கள். அது இன்னொரு செலவு. போர், ரிங் தேய்மானமும் இந்தக் குளிர் ஓட்டத்தில்தான் வேகமாக நடக்கிறது. தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுங்கள். போடுவதற்கு முன் அதை ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சேர்த்துச் சூடாக்கிப் பாருங்கள். அதன்மேல் பொறித்திருக்கும் வெப்பநிலையை ஒட்டித் திறக்கத் தொடங்கி, இன்னும் சற்றுச் சூடானதும் முழுவதும் திறக்க வேண்டும்.

அப்படியானால் கோடையில் ஏறிய சூட்டுக்குக் காரணம் என்ன? பெரும்பாலும் தண்ணீர். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ரேடியேட்டருக்கு எதிரி ஃப்ளோரைடு அல்ல, கடினத்தன்மை. நம் பாறை நிலத்து ஆழ்துளைக் கிணறுகளில் பல, பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் கடின நீரைத்தான் தருகின்றன. வழியில் எங்கே சூடானாலும் பக்கத்துத் தோட்டத்து மோட்டார் தண்ணீரை ஊற்றிக்கொண்டு போவது நம் பக்கத்து வழக்கம். ஐம்பது ஆண்டுகளாக அப்படி ஊற்றிய ஒரு வண்டியின் ரேடியேட்டர் குழாய்களும் என்ஜின் பிளாக்கின் உட்சுவரும் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மேல்மூடியைத் திறந்து விரலை விட்டால் சுண்ணாம்பு கையோடு வரும். அந்தப் படிவம் வெப்பத்தை வெளியே விடாது.

செய்ய வேண்டியது இதுதான். ரேடியேட்டரைக் கழற்றி, அதற்கென்று இருக்கும் கடையில் மேல்தொட்டியைப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பித்தளையும் செம்பும் என்பதால் மறுபடி பற்றவைத்துவிடலாம். புதிய அலுமினிய ரேடியேட்டர் தேவையில்லை. அதைவிட முக்கியம் பிளாக். ரேடியேட்டரை மட்டும் கழுவிவிட்டுப் பிளாக்கை மறந்துவிடுகிறார்கள். பிளாக்கில் ஒரு வடிகால் டேப் இருக்கும். அதைத் திறந்தால் ஒன்றும் வராது. துருவும் சேறும் அடைத்திருக்கும். கம்பியால் குத்தித் திறந்து, ஹோஸைக் கழற்றி, வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் தண்ணீரைப் பீய்ச்சி, தெளிந்த நீர் வரும்வரை விடுங்கள். கடைசிச் சிலிண்டரைச் சுற்றித்தான் சேறு அதிகம் தங்கும். பிறகு டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் கலந்து நிரப்புங்கள். மழைநீரைப் பிடித்து வடிகட்டி வைத்திருந்தால் அதுவும் நல்லது. டிக்கியில் ஐந்து லிட்டர் கேன் ஒன்றில் இதே கலவையை வைத்துக்கொள்ளுங்கள், தோட்டத்துத் தண்ணீரைத் தேட வேண்டியிருக்காது. ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங்கும் ரப்பரும் நன்றாக இருக்க வேண்டும், ஒவ்வொரு பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு) அழுத்தத்துக்கும் தண்ணீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒன்றரை டிகிரி உயர்கிறது. தேய்ந்த மூடி அந்தப் பாதுகாப்பை எடுத்துவிடும்.

சூடு ஒழுங்கானதும் கம்ப்ரஷன். என்ஜினை நன்றாகச் சூடாக்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுவதும் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றி ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். ஆக்சிலேட்டரை அழுத்த மறந்தால் எண் பொய் சொல்லும். இந்த என்ஜினில் 120 பி.எஸ்.ஐ. அளவில் வந்தால் மகிழ்ச்சி. அதைவிட முக்கியமானது நான்கும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருப்பது. ஒன்று மட்டும் குறைந்தால் அந்தச் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு சரியாக உட்காரவில்லை. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

வால்வு என்றால் ஈயத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உங்கள் என்ஜின் வந்த காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. எரியும்போது அது எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்தில் மெல்லிய படலமாகப் படிந்து, இரும்பும் இரும்பும் ஒட்டிப் பெயர்வதைத் தடுத்தது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுவிட்டது. இந்த என்ஜினின் ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) வார்ப்பிரும்பு. வால்வு சீட் அதிலேயே கடைந்தது. நான்குவழிச் சாலையில் நீண்ட நேரம் வேகமாக ஓட்டினால் எக்ஸாஸ்ட் சீட் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து வால்வு ஹெட்டுக்குள் இறங்கும். இறங்க இறங்க டேப்பெட் இடைவெளி தானாகக் குறையும். ஒரு கட்டத்தில் வால்வு மூடவே மூடாது. அடிக்கடி டேப்பெட் இறுகிப்போகிறது என்றால் இதுதான் நடக்கிறது. ஹெட்டைக் கழற்ற நேரும் ஒரு சமயத்தில் கடினப்படுத்திய சீட்டுகளை நல்ல லேத் பட்டறையில் அடித்துக்கொள்ளுங்கள். ஓசூரிலும் சேலத்திலும் இந்த வேலையைத் துல்லியமாகச் செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. அதற்காக ஓடிக்கொண்டிருக்கும் ஹெட்டை இன்றைக்கே கழற்ற வேண்டாம்.

டேப்பெட் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு, அதாவது 0.38 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துத்தான் செய்ய வேண்டும். காதால் கேட்டுச் செய்யக் கூடாது. சத்தம் கேட்கிறது என்று இறுக்கிவிடுவது எக்ஸாஸ்ட் வால்வைச் சுட்டுவிடும். லேசான டிக் டிக் சத்தம் இந்த என்ஜினின் இயல்பு. எட்டு வால்வுகளுக்கும் முன்னாலிருந்து எண் கொடுத்துக்கொண்டால் ஓர் எளிய வழி உண்டு: முழுவதும் திறந்திருக்கும் வால்வின் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்தால் வருவதுதான் இப்போது சரிசெய்ய வேண்டிய வால்வு. எட்டாவது திறந்திருந்தால் முதலாவது, ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவது. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கியரில் போட்டு வண்டியை மெதுவாகத் தள்ளினாலே என்ஜின் சுற்றும்.

இக்னிஷனில் வேலை குறைவு, பலன் அதிகம். பாயிண்ட் (மின்சாரத்தைத் துண்டித்துத் தீப்பொறியை எழுப்பும் முனைகள்) இடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் 14 முதல் 16 பங்கு, பிளக் இடைவெளி 25 பங்கு. சுழலும் தண்டில் உரசும் பாயிண்ட்டின் நார்க்கட்டை தேயத் தேய இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் டைமிங் பின்னுக்குப் போகும். டைமிங் பின்தங்கினால் பெட்ரோல் தாமதமாக எரிந்து, வேலை செய்ய வேண்டிய வெப்பம் சைலன்சருக்கும் ரேடியேட்டருக்கும் போகும். உங்கள் கோடைச் சூட்டில் இதற்கும் பங்கு இருக்கலாம். ஆகவே முதலில் இடைவெளி, பிறகுதான் டைமிங். தலைகீழாகச் செய்தால் செய்த வேலை வீண். பாயிண்ட்டின் முகம் அடிக்கடி கருகிக் குழி விழுந்தால் கண்டென்சரை மாற்றுங்கள்.

பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக்கொடுக்கும் டிஸ்ட்ரிப்யூட்டரின் பக்கத்தில் ஒரு வட்டத் தகரப் பெட்டி இருக்கும், அதிலிருந்து கார்புரேட்டருக்கு மெல்லிய குழாய் போகும். அதுதான் வேக்குவம் அட்வான்ஸ். சமதளத்தில் நிதானமாகப் போகும்போது தீப்பொறியைச் சற்று முன்னதாகக் கொடுத்துச் சிக்கனம் தருவது இந்தச் சின்னப் பெட்டிதான். பல வண்டிகளில் அதன் டயஃப்ரம் கிழிந்திருக்கும், அல்லது குழாயை எடுத்துவிட்டு ஓட்டையில் ஒரு ஸ்க்ரூவை அடைத்திருப்பார்கள். வண்டி ஓடும், யாருக்கும் தெரியாது, பெட்ரோல் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். குழாயின் கார்புரேட்டர் முனையைக் கழற்றி வாயால் உறிஞ்சுங்கள். உள்ளே தட்டு நகர வேண்டும். உறிஞ்சிய முனையை நாக்கால் அடைத்தால் அப்படியே நிற்க வேண்டும். காற்று தாராளமாக வந்தால் டயஃப்ரம் போய்விட்டது.

பிரேக்கைப் பற்றிச் சுருக்கமாக. பத்து கிலோமீட்டர் பிரேக்கைக் குறைவாகப் பயன்படுத்தி ஓட்டிவிட்டு நான்கு டிரம்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே ஷூ பிடித்துக்கொண்டிருக்கிறது. டயர் காற்றை வாரம் ஒரு முறை பாருங்கள். வேகத்தையும் பாருங்கள்: 60இல் இருக்கும் காற்றுத் தடை 80இல் ஏறத்தாழ 1.8 மடங்காகிறது, அம்பாசடரின் உடல் காற்றைக் கிழிக்கச் செய்ததல்ல.

ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறேன். பெட்ரோல் மிச்சம் என்று மேலுமலை இறக்கத்திலும், சேலம் போகும்போது தொப்பூர்க் கணவாயிலும் நியூட்ரலில் விடாதீர்கள். தொப்பூரில் நடந்த விபத்துகளுக்கு நியூட்ரலில் இறங்கிய லாரிகளும் ஒரு காரணம் என்பது அந்தச் சாலையில் போகிற எல்லோருக்கும் தெரியும். உங்களுக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். தொடர்ந்து அழுத்தினால் டிரம் சூடாகி விரியும், லைனிங் பிடிப்பை இழக்கும், பெடல் கீழே போகும். ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குங்கள்.

இப்போது கார்புரேட்டர். உங்களுடையதில் நான் முதலில் பார்ப்பது சோக். எஸ்.யூ.வில் சோக் இழுத்தால் தனியாக ஒரு தட்டு மூடுவதில்லை. பெட்ரோல் வரும் துளையான ஜெட்டே கீழே இறங்குகிறது, ஊசிக்கும் ஜெட்டுக்கும் இடையே வழி அகலமாகிறது. சோக்கைத் தள்ளிய பிறகு ஜெட் முழுவதும் மேலே திரும்ப வேண்டும். அழுக்காலோ, கேபிள் தளர்வில்லாமல் இறுக்கமாக இருப்பதாலோ, ஒரு மில்லிமீட்டர் கீழே நின்றுவிட்டால் நாள் முழுவதும் பாதிச் சோக்கில் ஓடுகிறீர்கள். இரண்டு முறை கழுவியும் தீராததற்கு இது ஒரு நியாயமான காரணம். கழற்றிக் கழுவியவர் கேபிளை மறுபடி மாட்டும்போது அதே இறுக்கத்தில்தான் மாட்டியிருப்பார். கீழே குனிந்து, விரலால் ஜெட்டை மேலே தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால் கேபிளைத் தளர்த்துங்கள்.

அடுத்து கார்புரேட்டருக்குள் ஊசியோடு மேலும் கீழும் நகரும் பிஸ்டன். மேலே உள்ள டேம்பரைக் கழற்றிவிட்டு, பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் டிக் என்ற உலோகச் சத்தத்தோடு விழ வேண்டும். சத்தமில்லாமல் தயங்கி இறங்கினால் ஜெட் மையத்தில் இல்லை, ஊசி உரசுகிறது. உரசிய ஜெட் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கும், அதை மாற்றத்தான் வேண்டும். டேம்பருக்குள் மெல்லிய எண்ணெய் இருக்க வேண்டும். அது வறண்டிருந்தால் ஆக்சிலேட்டரை அழுத்தியதும் என்ஜின் ஒரு கணம் திணறும். கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் அறையிலிருந்து சொட்டினால் நீடில் வால்வை மாற்றுங்கள்.

இவை முடிந்த பிறகுதான் கலவை. என்ஜின் நன்றாகச் சூடாக இருக்க வேண்டும், ஏர் ஃபில்டர் சுத்தமாக இருக்க வேண்டும். ஐடிலில் ஓடும்போது பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே இறங்கி அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. லேசாக ஏறி மறுபடி பழைய நிலைக்கு வந்தால் சரி. ஜெட்டின் கீழே உள்ள அறுகோண நட்டை மேலே ஏற்றினால் கலவை மெலியும், கீழே இறக்கினால் செறியும். ஒரு முறைக்கு ஒரு பக்கம், அதாவது ஆறில் ஒரு சுற்று மட்டுமே திருப்புங்கள். இ20க்காக நான் முன்னால் சொன்ன திருத்தம் இந்த நட்டில்தான்: பழைய நிலையிலிருந்து ஒன்று அல்லது இரண்டு பக்கம் கீழே இறக்க வேண்டி வரலாம். முடிவைப் பிளக் சொல்லும். கரிப்புகை படிந்திருந்தால் அதிகம், வெளுத்துச் சுண்ணாம்பு போல் இருந்தால் குறைவு, ஈரமாக எண்ணெய் பூசியிருந்தால் அது கார்புரேட்டர் விவகாரமே அல்ல.

ஆயில் 20டபிள்யூ-50 மினரல் ஆயில் போதும். ஐந்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள். புதிய கார்களுக்கான மெல்லிய சிந்தடிக் ஆயில் இந்த என்ஜினின் பின்பக்கத்தில் கசிவை அதிகமாக்கும். வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் நின்ற இடத்தில் ஸ்டார்ட் செய்து அணைப்பது நன்மை அல்ல. சோக்கில் ஓடி, ஆயில் சூடாகாமலே நின்று, ஈரத்தையும் பெட்ரோலையும் ஆயிலில் சேர்த்துவிட்டுப் போகும். நீங்கள் வாராவாரம் ஓசூர் போவது வண்டிக்கு நல்லது. ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்த நேர்ந்தால் டேங்க்கை நிரப்பி வையுங்கள். பாதி டேங்க்கில் இருக்கும் காற்றின் ஈரத்தை எத்தனால் இழுத்துக்கொள்ளும், பிறகு தண்ணீர் அடியில் தனியாகப் பிரிந்து துருப்பிடிக்க வைக்கும்.

விண்டேஜ் பதிவுக்கு வருகிறேன். மத்திய அரசு 2021 ஜூலையில் அறிவித்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைத் தாண்டிய, அசல் வடிவம் மாறாத வண்டிகள் இதற்குத் தகுதி பெறும். எண் பலகையில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுகள் செல்லும், பிறகு புதுப்பிக்க 5,000 ரூபாய். உங்கள் வண்டி வயதால் தகுதி பெறுகிறது, என்ஜினும் அசல். ஆனால் அப்படிப் பதிவு செய்த வண்டியை வழக்கமான பயணத்துக்கு எடுக்கக் கூடாது. கண்காட்சி, விண்டேஜ் பேரணி, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது போன்றவற்றுக்கு மட்டுமே அனுமதி. வாராவாரம் அக்கா வீட்டுக்குப் போகிற வண்டிக்கு அது பொருந்தாது. இப்போதிருக்கும் பதிவையே புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள். தெர்மோஸ்டாட்டைப் போட்டு, சோக் கேபிளைப் பார்த்த பிறகு, போகவர ஒரு முறை அளந்து எழுதுங்கள். கூடவே நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரஷன் எண்களையும் அனுப்புங்கள்.